சபாபதி என்று ஒருவர் இல்லை

போன மாதம் லொறியில் கல் வந்து இறங்கியது. எங்கள் வரிசை வீடுகளின் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சுவரில் சாய்த்து, சாக்குப் போட்டு மூடி வைத்தார்கள். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நான் சாக்கை விலக்கினேன். கறுப்புக் கல்லில் பொன் நிற எழுத்து. "இக்குடிநீர்த் திட்டத்தின் ஸ்தாபகத் தலைவர் அமரர் அழகமுத்து நினைவாக." அதன் கீழே அதே செய்தி சிங்களத்தில்.

அழகமுத்து என் கணவர். அவர் எதற்கும் தலைவராக இருந்ததில்லை. இருக்கமாட்டேன் என்று சொல்லிச் சொல்லியே என் பொறுமையைத் தின்றவர். அந்தச் சொல்லுக்கு நேரே அவர் பெயர் இதற்கு முன் ஒரே ஒரு தடவை எழுதப்பட்டது. எழுதியவள் நான். அதனால்தான் அவர் இன்று அமரர்.

பத்து வருஷமாக இதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். கல்லை நடவிடாமல் தடுக்க வேண்டுமென்றால் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து கொஞ்ச தூரம் போனால், வீதிக்கு மேலே மேட்டில் எங்கள் பதினெட்டு வீடுகள் இருக்கின்றன. பதினொன்று எங்கள் ஆட்கள், ஏழு முஸ்லிம் குடும்பங்கள். அவரும் நானும் கண்டியில், திருகோணமலை வீதியில் ஓர் அச்சகத்தில் வேலை செய்தோம். அவர் எழுத்துக் கோப்பவர். நான் பைண்டிங் பகுதியில் தாள் மடிப்பவள். அங்கே சிங்களப் படிவங்கள் நிறைய அச்சாகும். தாள் அடுக்கி அடுக்கியே நான் சிங்கள எழுத்தைப் படித்துக்கொண்டேன். எழுதவும் வந்தது. ஆனால் 'ம' எழுதும்போது மட்டும் சுழியை மூடாமல் விட்டுவிடுவேன். அவர் அதைப் பார்த்துச் சிரிப்பார். "உன் 'ம' வாயைத் திறந்துக்கிட்டே இருக்கு, யசோதா. உன்னை மாதிரியே."

ஒரு தடவை யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் அறுபது பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் அச்சடிக்கக் கொடுத்தார். அதன் பெயர் 'அராஜகவாதம் என்றால் என்ன?' முன்பணம் கட்டிவிட்டுப் போன மனிதர் திரும்பி வரவே இல்லை. புத்தகக் கட்டு ஒரு வருஷம் தூசி பிடித்துக் கிடந்தது. முதலாளி தூக்கி எறியச் சொன்னபோது இவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அறுபது பக்கத்தையும் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிக் கோத்தவர் அவர். மற்றவர்கள் படித்து மறப்பதை அவர் விரலால் மனப்பாடம் பண்ணியிருந்தார்.

பக்கத்து வீட்டுச் செல்லப்பா அண்ணன் நகரசபையில் தெருவிளக்குப் பகுதியில் வேலை செய்தவர். அட்டையைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

"அராஜகமா? ஏம்பா அழகு, ஊர்ல பண்ற அராஜகம் பத்தாதுன்னு பொஸ்தகம் வேற போட்டிருக்கானுங்களா?"

"அந்த அராஜகம் இல்லண்ணே. அது அடாவடி. இது வேற. ஒருத்தன் மேல ஒருத்தன் அதிகாரம் பண்ணாம, தங்களுக்குள்ள பேசி, சேர்ந்து வேலை செஞ்சு வாழுறது."

"அதிகாரம் பண்ணாட்டி எவன் வேலை செய்வான்? நீ அச்செழுத்தைத் திருப்பித் திருப்பிப் படிச்சு மூளையும் திரும்பிப் போச்சு."

நானும் அன்றைக்கு அவரோடு சேர்ந்துதான் சிரித்தேன். அரசு வேண்டாம் என்கிற ஆள் என் வீட்டுக்காரர். இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று அரசும் எங்களை வேண்டாம் என்றுதான் சொல்லி வைத்திருந்தது. பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டு வருஷக்கணக்காகியும் பதில் இல்லை. வோட்டும் இல்லை. "இது ரெண்டும் ஒண்ணு இல்ல யசோதா. அவங்க நம்மளத் தள்ளி வச்சிருக்காங்க. நான் சொல்றது யாருமே யாரையும் தள்ளி வைக்க முடியாத ஒண்ணு" என்றார். எனக்குத் தண்ணீர்தான் பிரச்சினை.

அந்தக் காலத்தில் எங்களுக்குத் தண்ணீர் மகாவலியில்தான். நூற்றுப் பன்னிரண்டு படி இறங்கி, வீதியைக் கடந்து, ஆற்றில் அள்ளி, அதே படி ஏற வேண்டும். காலையில் மூன்று நடை, வேலை விட்டு வந்து இரண்டு நடை. மேலே, காட்டு ஓரத்தில் ஒரு ஊற்று இருந்தது. வீதி வளைந்து மேலே ஏறும் இடத்துக்கு அந்தப் பக்கம். குழாய் போட்டு இறக்கினால் பதினெட்டு வீட்டுக்கும் போதும். ஆண்கள் இதைப் பேசத் தொடங்கியதும் நான் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு பேசப்போகிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் வீடுகளுக்கு முன்னால் இருந்த வெட்டைவெளியில் வட்டமாக உட்காருவார்கள். வட்டம் அவருடைய யோசனை. முன்னால் ஒருவர், பின்னால் மற்றவர் என்று இருக்கக்கூடாதாம். பெண்களும் உட்கார வேண்டும் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். பாலத்தடியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த சாஹுல் ஹமீது நானா மட்டும் வீட்டிலிருந்து கதிரை தூக்கிக்கொண்டு வருவார். வந்ததும் எல்லாருக்கும் கேட்க ஒரு அறிவிப்பு. "எனக்கு முழங்கால் நோவு. நான் தலைவர் இல்ல. எல்லாரும் பாத்துக்கோங்க."

கை தூக்கி எண்ணுவது கிடையாது. ஒருவர் "எனக்குச் சம்மதமில்லை" என்று சொன்னால் போதும், அந்த விஷயம் நிற்கும். "அடுத்த ஞாயிறு பேசுவோம்" என்பார் இவர். பதினேழு பேர் சேர்ந்து ஒருவரை அமுக்கினால் அதுவும் அதிகாரம்தானாம். செல்லப்பா அண்ணனுக்கு இது விளையாட்டுச் சாமானாகிவிட்டது. குழாய் தன் வாழைமரங்களுக்குக் கிட்டப் போகிறது, வேர் அறுந்துபோகும், சம்மதமில்லை என்றார். நாலு ஞாயிறு. நாலு ஞாயிறும் வாழைமரம். அந்த நாலு வாரத்திலும் நான் எத்தனை படி ஏறி இறங்கினேன் என்று வீட்டில் வைத்து என் கணவரிடம் சொன்னேன்.

"ஒரு வார்த்தை நீங்க சத்தம் போட்டா அடங்கிருவாரு."

"அடங்குவாரு. அப்புறம் குழாய் என் குழாய் ஆயிரும், நம்ம குழாயா இருக்காது."

"யாரு குழாயா இருந்தா என்னங்க? தண்ணி வந்தா சரி."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அந்த மனிதரோடு சண்டை போடவும் முடியாது. ஐந்தாவது ஞாயிறு அவரே அலவாங்கோடு போய் வாழைக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப் பத்தடி வெட்டிக் காட்டினார். செல்லப்பா அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்காக எதுக்குய்யா தனியா வெட்டுற, தள்ளு" என்று அலவாங்கைப் பிடுங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் வரிசையில் அவரைப் போல வேலை செய்தவர் இல்லை. இதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

ஆள் ஒருவருக்கு இத்தனை முழம் என்று பிரித்துக்கொண்டு வெட்டினோம். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள்; அப்படி நாங்கள் கூப்பிடும் சித்தி றலியா தாத்தாவின் புருஷன் வாதத்தில் படுத்திருந்தார். அவர்கள் பங்கு யாருடையது என்று யாரும் பேசவே இல்லை. ஒரு ஞாயிறு பார்க்கும்போது அது வெட்டி முடிந்திருந்தது. தாத்தா அன்றைக்கு எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். சாஹுல் ஹமீது நானா கடையில் மிச்சம் கிடந்த குழாய்த் துண்டுகளைக் கொண்டுவந்து போட்டார். எல்லாம் சரியாக வந்து வீதியில் முட்டியது. வீதியைக் குறுக்கே வெட்ட வேண்டும். அதற்கு அரசாங்கக் கந்தோரில் அனுமதி வேண்டும்.

செல்லப்பா அண்ணன், சாஹுல் ஹமீது நானா, இவர், சிங்களம் வாசிக்க நான், நாலு பேரும் போனோம். கிளாக்கர் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேனையைத் திறந்தார்.

"சபாபதி கவுத?" என்றார்.

தலைவர் யார் என்று கேட்கிறார். சிங்களத்தில் தலைவருக்குச் சபாபதி என்பார்கள். எனக்குப் புரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் செல்லப்பா அண்ணன் முந்திக்கொண்டார். அவருக்குத் தெரிந்த சிங்களத்தில் பணிவாகச் சொன்னார்.

"சபாபதி எங்க லைன்ல இல்லீங்க மாத்தயா. கீழ் லைன்ல ஒரு சபாபதி இருந்தாரு. அவரு போன வருசம் இந்தியாவுக்குக் கப்பலேறிட்டாரு."

கிளாக்கர் தலையாட்டினார். "அப்படியானால் வேறொரு சபாபதியைத் தெரிவுசெய்துகொண்டு வாருங்கள்" என்று படிவத்தை நீட்டினார்.

வெளியே வந்து நாங்கள் சிரித்த சிரிப்பில் சாஹுல் ஹமீது நானா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மதில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வரிசையில் இல்லாத ஆளுக்குச் சபாபதி என்று பெயர். மண்வெட்டி காணவில்லையா, சபாபதி கொண்டுபோய்விட்டார். மழை பெய்து குழி நிறைந்துவிட்டதா, சபாபதியிடம் சொல்லுங்கள். இவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. "இல்லாத ஆளைத் தலைவரா வச்சிருக்கிற சங்கம் உலகத்துல நம்ம ஒண்ணுதான்" என்பார்.

சிரிப்பால் வீதியை வெட்ட முடியுமா? இவர் ஒரு வெள்ளைத்தாளில் விண்ணப்பம் எழுதி, யாரும் முதல் ஆளாக இருக்கக்கூடாது என்று பதினெட்டு வீட்டுக் கையெழுத்தையும் வட்டமாக வாங்கினார். கிளாக்கர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன, பூவா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு பேசினார்கள். அதற்கடுத்த ஞாயிறும் பேசினார்கள். சும்மா ஒரு பெயரைப் போடுவோம் என்றார் சாஹுல் ஹமீது நானா. "எனக்குச் சம்மதமில்லை" என்றார் என் வீட்டுக்காரர். முதல் தடவையாக அவரே சொன்னார். "இன்னைக்குக் காகிதத்துல போடுவோம். நாளைக்கு அந்தப் பேருக்குக் கடிதாசி வரும். அப்புறம் அந்த ஆளு கிட்டதான் எல்லாரும் போய் நிப்பாங்க. நாம எதை வேணாங்கிறோமோ அதை வச்சே நமக்கு வேணுங்கிறதச் செய்ய முடியாது."

குழாய்க்கு வெட்டிய கான் மழையில் சரிந்துகொண்டிருந்தது. நான் படி ஏறிக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கந்தோர் வாங்கில் உட்கார்ந்து, கிளாக்கர் தந்திருந்த படிவத்தில் சபாபதி என்று இருந்த கட்டத்தில் அவர் பெயரைச் சிங்களத்தில் எழுதினேன். அவர் போடுகிற மாதிரியே கையெழுத்தும் போட்டேன். பத்து நிமிஷ வேலை. கிளாக்கர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார்.

அனுமதிக் கடிதம் ஒன்பதாம் நாள் வந்தது. தபால்காரரிடம் நானே வாங்கி, சபாபதி என்று அவர் பெயர் போட்டிருந்த உறையைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். கடிதத்தில் பெயர் இல்லை, அது மட்டும் என் அதிர்ஷ்டம்.

"எப்படிக் குடுத்தாங்க?" என்று அவர் கேட்டார்.

"பூவப் பாத்து மனசு மாறிருப்பாங்க."

அவர் நம்பினார். அந்த மனிதர் அதை நம்பினார். பதினெட்டுக் கையெழுத்து, ஒருவருக்கு மேல் ஒருவர் இல்லாத பதினெட்டுக் கையெழுத்து, கந்தோரையே இறங்கிவர வைத்துவிட்டது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தபோது உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. தண்ணீர் வரட்டும், பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். தண்ணீர் வந்தது. தொட்டியின் சாவி வாரத்துக்கு ஒரு வீடு என்று சுற்றியது. எங்கள் முறை வந்த வாரங்களில் அது எங்கள் வாசல் ஆணியில் தொங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்த வாரம் சொல்வோம் என்று நினைப்பேன். இரண்டு வருஷம் அப்படிப் போனது.

எழுபத்தொன்று ஏப்ரலில் நாட்டில் அரசுக்கு எதிராக இளைஞர்களின் கிளர்ச்சி. ஊரடங்கு போட்டிருந்தார்கள். ஒரு காலை, பத்து மணி இருக்கும், ஜீப் ஒன்றும் பின்னால் ஒரு பொலிஸ் லொறியும் கீழே வீதியில் வந்து நின்றன. அந்தப் பகுதியில் கூட்டம் போடுகிற சங்கங்களை எல்லாம் விசாரிக்கிறார்களாம். ஆண்கள் பதினாறு பேரையும் இறக்கி, வீதியோரமாக வரிசையில் நிறுத்தினார்கள். நாங்கள் பெண்கள் படியில் நின்றோம். எங்கள் வீட்டுக்குள் போன பொலிஸ்காரர் ஒருவர் புத்தகக் கட்டோடு வெளியே வந்தார். அவருக்குத் தமிழ் தெரியும். "அராஜகம்" என்று உரக்க வாசித்தார். சார்ஜன்ட் திரும்பிப் பார்த்தார். சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். விளக்கம் தேவைப்படவில்லை.

"சபாபதி கவுத?" என்று முதல் ஆளைக் கேட்டார்.

"கவுருத் நே." யாரும் இல்லை.

அடுத்த ஆள். "கவுருத் நே." செல்லப்பா அண்ணன், "கவுருத் நே மாத்தயா, சத்தியமா." சாஹுல் ஹமீது நானா நிற்க முடியாமல் நின்றுகொண்டு, "எங்கட சங்கத்துக்குத் தலைவரே இல்ல சேர்" என்றார். ஒவ்வொருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஒவ்வோர் உண்மைக்கும் சார்ஜன்டின் முகம் இறுகியது. தலைவரை மறைக்கிறார்கள் என்று அவர் நினைத்தது நன்றாகத் தெரிந்தது. பதினாறு பேரையும் ஏற்றச் சொன்னார். ஏற்றுவதற்கு முன் கோப்பைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

தூரத்திலேயே எனக்கு அடையாளம் தெரிந்தது.

சார்ஜன்ட் "அழகமுத்து" என்று வாசித்தார். "இங்கே சபாபதி என்று இருக்கிறதே. யார் இந்த ஆள்?"

என் வீட்டுக்காரர் காகிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டார். சார்ஜன்ட் அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். மற்றவர்கள் கையெழுத்தை வாசித்தே சம்பாதித்த மனிதர் அவர். ஒரு பார்வை போதும். தன் பெயரில், வாய் மூடாத அந்த 'ம'வைப் பார்த்தார். பிறகு படியில் நின்ற என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஒரு பிழையைக் கண்டுபிடித்த மாதிரி, அவ்வளவுதான்.

"மம தமய்" என்றார். நான்தான்.

அவரை மட்டும் ஏற்றினார்கள். பதினைந்து பேரைப் போகச் சொன்னார்கள். ஜீப் திரும்பும்வரை யாரும் அசையவில்லை. செல்லப்பா அண்ணன்தான் முதலில் அழுதார். "தலைவர் இல்லன்னு சொல்லிச் சொல்லி, கடைசில நம்மளக் காப்பாத்த அவன் தலைவனாயிட்டானே" என்றார். அந்தப் பேச்சு அன்றைக்கே எங்கள் வரிசையில் நிலைத்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஐந்து வாரம் ஒரு தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். பார்க்க விடவில்லை. பிறகு ஒரு கடிதம் வந்தது. வயிற்றோட்டம் என்று எழுதியிருந்தார்கள். அங்கே தண்ணீர் சரியில்லை என்று உடன் இருந்த ஒருவர் பின்னால் வந்து சொன்னார்.

நான் ஆத்திரப்படுவது யார்மேல் என்று பத்து வருஷமாக எனக்கே பிடிபடவில்லை. காலியான ஒரு கட்டத்தைத் தாங்க முடியாத கந்தோர்மேலா? நாலு ஞாயிறு வாழைமரத்தைப் பேசியவர்கள்மேலா? ஒரு பெயரை எழுத விடாமல் அடம்பிடித்தவர்மேலா? எழுதிய என்மேலா? அவர் 'மம தமய்' என்றது அந்தப் பதினைந்து பேருக்காகவா, இல்லை மறுத்தால் எழுதியது யார் என்று தேடுவார்கள் என்பதாலா? அதையாவது எனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்ல நேரம் இருக்கவில்லை.

அவர் போன பிறகு சங்கத்தைப் பதிவுசெய்தார்கள். பயந்துபோனவர்கள் என்ன செய்வார்கள்? தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் வந்தார்கள். இப்போது செல்லப்பா அண்ணன்தான் தலைவர். தொட்டிச் சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. வெட்டையில் மேசை போட்டு, கதிரை போட்டு உட்காருகிறார். சாஹுல் ஹமீது நானாவும் இறந்துபோய்விட்டார்.

கல்லைப் பற்றிய கூட்டத்துக்கு நான் போனேன். செல்லப்பா அண்ணன் தீர்மானத்தை வாசித்து முடித்ததும் எழுந்தேன்.

"எனக்குச் சம்மதமில்லை."

"உக்காரு தங்கச்சி. உனக்குக் கூச்சம். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

எல்லாக் கையும் எழுந்தது. "எதிர்ப்பு ஒண்ணு. தீர்மானம் நிறைவேறிச்சு" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். பஸ்ஸை விட்டு இறங்கியது, கட்டத்தில் எழுதியது, உறையை அடுப்பில் போட்டது, அந்த 'ம', எல்லாம். காறித் துப்புவார்கள், எழுந்து போவார்கள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

சித்தி றலியா தாத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எங்களுக்குத் தண்ணி கெடச்சது ஒன்னாலயா புள்ள?" என்றார்.

"அப்படின்னா தங்கச்சி பேரையும் கல்லுல சேத்துப் போடுவோம்" என்றார் செல்லப்பா அண்ணன். "எடம் இருக்கு. கீழே வெட்டிக்கலாம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பத்து வருஷம் உள்ளே அடைத்து வைத்திருந்ததைக் கொண்டுபோய்க் கொட்டினால், அதற்கும் ஒரு கல் வெட்டுகிறார்கள்.

"அண்ணே, உங்க வாழைமரத்துக்காக நாலு ஞாயிறு பொறுத்தோம். பதினேழு வீடு ஆத்துத் தண்ணி சுமந்துக்கிட்டே பொறுத்தோம். அன்னைக்கு யாராவது கை எண்ணினோமா? எண்ணியிருந்தா உங்க வாழை என்னா ஆயிருக்கும்? அவரு எனக்குப் புருசன். எனக்குச் சம்மதமில்லை. அந்த வார்த்தைக்கு நேரே அவரு பேர நான் ஒரு தடவை எழுதினது போதும்."

செல்லப்பா அண்ணன் இடுப்புச் சாவியைத் தடவிக்கொண்டிருந்தார். கதிரையிலிருந்து எழுந்தார். எழுந்தது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

"அடுத்த ஞாயிறு பேசுவோம்" என்றார்.

மூன்று ஞாயிறு போய்விட்டது. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 'தலைவர்' என்பதை மட்டும் செதுக்கி எடுக்கலாம் என்று ஒருவர், அந்த இடம் பள்ளமாகத் தெரியும் என்று இன்னொருவர். கை எண்ணவில்லை. சாவி இன்னும் செல்லப்பா அண்ணன் இடுப்பில்தான் இருக்கிறது.

நேற்று நான் தண்ணீர் எடுக்கப் போனபோது, தாத்தாவின் மருமகள் ரபீகா அந்தக் கல்லைக் குப்புறப் போட்டு அதன்மேல் துணி அடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டும்மா இதப் போட்ட?" என்றேன்.

"யாரிட்டயும் கேக்கல்ல மாமி" என்றாள், சவர்க்காரம் போட்டுக்கொண்டே. "யாரிட்ட கேக்கிற?"

என் வாளி நிறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பின்பக்கம் வழவழப்பாக இருந்தது. துணிக்கு நல்ல கல்தான்.